கரையான் தின்றது போக மிஞ்சிய தமிழ்

சிதம்பரம் கோவிலில் ஓர் அறை. கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே ஓலைச் சுவடிகள். அவற்றின் மேல் பெரிய கரையான் புற்று!

சோழ மன்னன் கதவைத் திறக்கச் செய்தான். கூட நின்றவர் நம்பியாண்டார் நம்பி. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்தார்கள். பெரும் பகுதி அழிந்துபோயிருந்தது. மிஞ்சியதுதான் தேவாரம் என்று 'திருமுறைகண்ட புராணம்' சொல்லுகிறது.

கரையானுக்கு இரையான தமிழ் நூல்கள் இன்னும் எத்தனையோ!

கல் காத்த பாட்டு

திருவிடைவாய் என்ற ஊரைப் பற்றிச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஊர்க் கோவில் கல்வெட்டில் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டில்தான் அது வெளியே வந்தது.

குண்டலகேசி, ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று. முழு நூல் இன்று இல்லை. 'புறத்திரட்டு' என்னும் பழைய தொகுப்பில் 19 பாடல்கள் இருந்தன. அவையே நமக்கு மிச்சம். முத்தொள்ளாயிரத்தில் நூற்றுச் சொச்சம் பாடல்கள் பிழைத்ததும் பிறர் எடுத்துக் காட்டியதால்தான்.

புள்ளியின் மதிப்பு

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தவர். புறநானூற்றை 1894-இல் அச்சிட்டபோது, ஏடு சிதைந்த இடங்களில் அவர் புள்ளிகள் வைத்தார். தம் சொல்லைப் போட்டு நிரப்பவில்லை!

இப்போது பழைய நூல்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் 'கணினித் தேவாரம்' வெளியிட்டது.

வசதி பெரிது. ஆபத்தும் உண்டு. யாரோ ஒருவர் புள்ளிகளை எடுத்துவிட்டுத் தம் சொல்லைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஒரு நொடியில் ஆயிரம் பிரதிகள் பரவும். பிறகு எது புலவர் சொல், எது புதுச் சொல் என்று எப்படிப் பிரிப்பது?

இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறிப்புச் சீட்டு! இது எந்த நூலின் வரி, எடுத்துச் சொன்னவர் யார், எத்தனை எழுத்து சிதைந்தது என்று அதில் எழுதிவிடுவார்கள். படிப்பவர் கண்ணுக்குப் பாட்டு மட்டும் தெரியும். கம்ப்யூட்டருக்குச் சீட்டும் தெரியும். இத்தகைய குறிப்புகளுக்குப் பொது விதிகள் வகுக்கும் வேலையை அறிஞர்கள் பல நாடுகளிலிருந்தும் கூடி 1987-இல் தொடங்கினார்கள்.

ஒரே பாட்டு இரண்டு உரைகளில் இரண்டு விதமாக வருவதுண்டு. இரண்டையும் காக்க வேண்டும். நூற்பெயர் தெரியாத பாட்டானால், 'பெயர் தெரியவில்லை' என்றே குறிக்க வேண்டும்.

சீட்டு சரியாக இருந்தால், 'குண்டலகேசி' என்று கேட்டவுடன் சிதறிய பாடல்கள் ஒன்றாக வந்து நிற்கும். சீட்டு தப்பானால், வேறு யாரோ பாடியதும் சேர்ந்து நிற்கும்.

கரையான் ஏட்டைத் தின்றது. ஆனால் பொய் எழுதி வைக்கவில்லை. மனிதரும் அந்த மட்டில் கவனமாக இருக்க வேண்டும்!