ராக்ஸ்பரி ரஸ்ஸட்: பழுப்புத் தோலுடைய பழைய ஆப்பிள்

இலையுதிர் காலச் சந்தைகளில், பச்சையும் பழுப்பும் கலந்த சொரசொரப்பான தோலுடைய ஆப்பிள்களைக் காணலாம். கெட்டுப்போனவை என்றெண்ணி அவற்றை நோயாளிக்கு வாங்கித் தரத் தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் தேவையில்லை என்பதையும், யார் எவ்வாறு உண்ணலாம் என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

இவற்றுள் ஒன்றான ராக்ஸ்பரி ரஸ்ஸட், இன்று பாஸ்டன் நகரின் பகுதியாக உள்ள ராக்ஸ்பரியில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றியது. அமெரிக்காவில் தோன்றிப் பெயர்பெற்ற ஆப்பிள் வகைகளுள் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், அக்டோபரில் பறித்த பழம் நிலவறையில் வசந்தம் வரை தாங்கியது. பச்சையாக உண்ணவும் சுடவும் ஒருங்கே ஏற்றது.

பழுப்பு நிறம் ஏன்?

பிஞ்சுப் பருவத்தில் பழத்தின் மெழுகுப் படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. அவற்றின் அடியில் தக்கை போன்ற திசு வளர்ந்து பழத்தைக் காக்கிறது. இது நோயும் அன்று, அழுகலும் அன்று. ஆனால் இத்தோல் வழியே ஈரம் எளிதில் வெளியேறும். ஆகவே துளையிட்ட பையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நன்று. குழைந்த இடம், பூஞ்சணம், புளித்த வாடை ஆகியவையே கெட்டதன் அடையாளங்கள்.

சுடும் முறை

மெல்லச் சிரமப்படுவோருக்குச் சுட்ட ஆப்பிள் உதவும். பழத்தைக் கழுவித் தோல் சீவி, நடுப்பகுதியை விதைகளோடு நீக்குங்கள். துண்டுகளாக்கிப் பட்டைத் தூள் தூவி, சிறிது நீர் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் வைத்து அவனில் 180 டிகிரி செல்சியஸில் கரண்டியால் மசியும் பதம் வரை சுடுங்கள். ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை.

கவனத்திற்கு

விழுங்குவதில் சிரமம்: பச்சைத் துண்டுகள் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். விழுங்கல் பயிற்சி நிபுணர் கூறிய பதத்தில் மட்டுமே கொடுங்கள்.

நீரிழிவு: 182 கிராம் எடையுள்ள நடுத்தர ஆப்பிளில் சுமார் 25 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளது. சுடுவதால் அது குறையாது; அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் சீவினால் நார்ச்சத்து குறையும்.

ஒவ்வாமை: பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை உடையோர் சிலருக்குப் பச்சை ஆப்பிள் வாயில் அரிப்பைத் தரும், அவர்களுள் பலருக்கு வெந்த பழம் ஒத்துக்கொள்ளும். எனினும் மருத்துவரைக் கேட்டபின் உண்ணுங்கள். மூச்சுத்திணறலோ தொண்டை வீக்கமோ தோன்றினால் உடனே அவசர உதவி பெறுங்கள்.

மருந்து: ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரையை ஆப்பிள் சாற்றுடன் விழுங்கக் கூடாது, மருந்து உடலில் சேர்வதை அது குறைக்கும். நீரே ஏற்றது.

பசி குன்றியவருக்கு நிறைந்த கிண்ணமே மலைப்பைத் தரும். இரண்டு கரண்டியில் தொடங்குங்கள். சூட்டோடு எழும் மணம் குமட்டலைத் தூண்டினால், ஆறவைத்துக் கொடுங்கள்.