செஞ்சி மலையும் பாக்டீரியாவின் பாகப்பிரிவினையும்

செஞ்சிக்குச் சுற்றுலா வந்த பத்து மாணவர்கள் பேருந்தைவிட்டு இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாலைக்கு ஒருபுறம் இராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி. எந்த மலையில் ஏறுவது? ஒவ்வொருவரும் காசைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் இராஜகிரி. பூ விழுந்தால் கிருஷ்ணகிரி. மலைக்கு ஐந்து பேராகப் பிரிவார்களா? நான்கு தடவைக்கு ஒரு தடவைதான் அப்படி அமையும். ஏதேனும் ஒரு மலையில் ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்துவிடுவது, மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகவே நேரும். வந்தவர்கள் 10,000 பேரானால் கதை வேறு. சரிபாதியிலிருந்து பொதுவாக 50 பேர் கூடும் அல்லது குறையும், நூற்றுக்கு ஒன்றுதான்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கிறது. டி.என்.ஏ.வைப் படியெடுத்து, சேய்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறது. ஆனால் உள்ளே மிதக்கும் புரதங்களை எண்ணிக் கொடுக்க யாருமில்லை. நடுவே சுவர் எழும்பும்போது எது எந்தப் பக்கம் இருந்ததோ, அது அந்தப் பக்கத்துக்கே சொந்தம். பங்காளிச் சண்டைக்கு இடமில்லாத பாகப்பிரிவினை! ஆயிரக்கணக்கில் உள்ள புரதத்துக்கு இதனால் பாதகமில்லை. பால் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் ஜீன்களைப் பூட்டி வைக்கும் அடக்கிப் புரதமோ, ஓர் உயிரணுவில் ஏறத்தாழப் பத்துதான். ஒரு சேய்க்கு மூன்றும் மற்றதற்கு ஏழுமாகப் போனால்? ஜீன்கள் ஒன்றே, உணவும் ஒன்றே. நடத்தை மட்டும் வேறாகிவிடக்கூடும்.

வானொலியில் நிலையம் சரியாகப் பிடிபடாதபோது கரகரக்கிறதல்லவா? அதற்குரிய ‘இரைச்சல்’ என்ற பெயரையே விஞ்ஞானிகள் இந்த ஏற்றத்தாழ்வுக்கும் வைத்திருக்கிறார்கள். பின்னாளில் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சேர்ந்த முகுந்த் தட்டாய், 2001-இல் வான் ஊடெனார்டனுடன் சேர்ந்து இதைக் கணக்கிட்டார். செய்தி ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றிலிருந்தும் புரதங்கள் கும்பல் கும்பலாகப் பிறப்பது இரைச்சலை வளர்க்கிறது என்று அக்கணக்கு காட்டியது. 2011-இல் ஹூ, பால்சன் இருவரும் ஒரு சிக்கலை எழுப்பினர். பாகப்பிரிவினையில் பிறக்கும் இரைச்சலும் அளவீடுகளில் ஏறக்குறைய அதே உருவில்தான் தெரியும்! அப்படியானால் உற்பத்தியின் தலையில் சுமத்திய பழியில் பங்கீட்டுக்கு உரியது எவ்வளவு?

ஜீன்களைக் கோத்துச் சுற்றுகள் அமைப்போருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2000-இல் எலோவிட்ஸ், லைப்லர் இருவரும் ஒன்றையொன்று அடக்கும் மூன்று ஜீன்களை வளையமாக்கி ஈ.கோலைக்குள் வைத்தனர். உயிரணு கடிகாரம்போல் ஒளிர்ந்து மங்கியது. ஆனால் உடன்பிறந்த உயிரணுக்களே தாளம் தப்பின. 2016-இல் பால்சன் குழுவினர் அதைச் சீராக்கினர். அடக்கிப் புரதம் ஒன்று மிகச் சிலவாகக் குறையும் வேளையில்தான் தடுமாற்றம் அதிகம் எனக் கண்டு, அதைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகளைச் சேர்த்தனர். இப்போது அப்புரதம் கணிசமாக இருக்கும்போதே அடுத்த ஜீன் திறந்துகொள்கிறது. கடிகாரமும் பல தலைமுறைகளுக்குத் தாளம் தப்பாமல் ஓடியது.