வீட்டுக் கணக்கு – 17: 50 ரூபாய் டைல்ஸ், 137 ரூபாய் தரை

சென்ற வாரம் பூச்சுவேலையோடு நிறுத்தியிருந்தோம். பூச்சு காய்ந்ததும் வீட்டுக்காரர் குடும்பத்தோடு கிளம்பும் இடம் டைல்ஸ் கடை. வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் மாதிரிகளில் விலை ஒட்டியிருக்கும்: சதுர அடி 50, 65, 90. பிடித்த ஒன்றின் விலையை வீட்டின் பரப்போடு பெருக்கி, ‘ஆயிரம் சதுர அடிக்கு ஐம்பதாயிரம்’ என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டு வீடு திரும்புவோம். வேலை முடியும்போது செலவு 1,30,000-ஐத் தாண்டியிருக்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. கடையில் கேட்டது டைல்ஸ் விலை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது தரையின் விலை.

ஒரே ஓர் அறையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பூச்சுக்குப் பிறகு அளந்தால் 11 அடிக்கு 13 அடி, ஒரே ஒரு வாசல். பரப்பு 143 சதுர அடி. போடப்போவது பரவலாக எல்லோரும் வாங்கும் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ்.

முதல் விஷயம், அந்த ‘இரண்டுக்கு இரண்டு’ உண்மையில் இரண்டடி இல்லை. அது 600 மில்லிமீட்டர். இரண்டடி என்றால் 610 இருக்க வேண்டும். நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டியின் மேல் 1.44 சதுர மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அது 15.5 சதுர அடி. பல கடைகளில் பெட்டிக்கு 16 சதுர அடி என்றே பில் போடுகிறார்கள். ஓர் அறைக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 65 பெட்டிக்கு மேல் வாங்கும்போது, வராத 32 சதுர அடிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். விலை பேசும்போதே “பெட்டிக்கு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது சேதாரம். ஐந்து சதவீதம் கூட்டி வாங்குங்கள் என்பார்கள். நம் அறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து ஒட்டினால், 11 அடிப் பக்கம் ஐந்து முழு டைல்ஸ் போக ஏறத்தாழ பதின்மூன்றரை அங்குலம் மிஞ்சும். 13 அடிப் பக்கம் ஆறு முழு டைல்ஸ் போக அதே அளவு மிஞ்சும். பதின்மூன்றரை அங்குலத் துண்டு ஒரு டைல்ஸில் ஒன்றுதான் எடுக்கலாம், இரண்டு வராது. ஆக, ஆறுக்கு ஏழு, மொத்தம் 42 டைல்ஸ். அதாவது 163 சதுர அடி. சேதாரம் 14 சதவீதம்.

ஆனால் வெட்டி எடுத்தபின் மிஞ்சும் துண்டு பத்து அங்குல அகலம், இரண்டடி நீளம் இருக்கும். அதை நீளவாக்கில் பிளந்தால் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் பட்டை இரண்டு கிடைக்கும். இந்த அறையில் வெட்டுப்படும் டைல்ஸ் 12. அவற்றின் மிச்சத்திலிருந்தே 24 பட்டை, 48 ஓட்ட அடி. வாசலைக் கழித்துவிட்டால் சுவரோரம் நமக்கு வேண்டியது 45 அடி. மிச்சத்தை ஒதுக்கி வைத்து வேலை செய்யும் மேஸ்திரி இந்த அறையை 11 பெட்டிக்குள் முடித்து இரண்டு டைல்ஸைக் கையில் கொடுப்பார். மிச்சத்தை மூலையில் வீசிவிட்டு ஸ்கர்ட்டிங்குக்கு முழு டைல்ஸை வெட்டுகிறவருக்கு 12 பெட்டி வேண்டும். சதுர அடிக்கு இரண்டு ரூபாய் கூலி குறைத்துப் பேசி மிச்சம் பிடித்ததைவிட, அந்த ஒரு பெட்டி அதிகம். நல்ல மேஸ்திரியின் கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது மொத்தக் கணக்கு. விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். டைல்ஸ் சதுர அடி 50, அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 59 ரூபாய். 11 பெட்டிக்கு 10,060. அடியில் இரண்டு அங்குலக் கலவை. ஒன்றுக்கு ஆறு என்று கலந்தால், சிமென்ட் பாலுக்கும் சேர்த்து ஐந்து மூட்டை சிமென்ட், மூட்டை 380 வீதம் 1,900. எம்-சாண்ட் 27 கன அடி, 60 வீதம் 1,620. ஒட்டும் கூலி சதுர அடிக்கு 30, ஸ்கர்ட்டிங் ஓட்ட அடிக்கு 20, இரண்டும் சேர்ந்து 5,190. ஜாயின்ட் ஃபில்லர், ஸ்பேசர், பெட்டிகளை இறக்கி மாடிக்கு ஏற்றும் கூலி 900. கூட்டினால் 19,670. 143-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 137 ரூபாய். கடையில் கேட்ட 50 ரூபாய் இதில் பாதிகூட இல்லை.

இந்த 137-ஐ ஏற்றுவது எது? டிசைன் என்றுதான் நினைப்போம். டைல்ஸ் விலை 50-லிருந்து 60 ஆனால், வரியும் சேதாரமும் சேர்ந்து தரையின் விலை சதுர அடிக்கு 14 ரூபாய் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியும் செலவு, யோசித்துச் செய்வோம். “சார், இந்த மூலையில ஒரு அங்குலம் பள்ளம், கலவை ஏத்தித்தான் ஆகணும்” என்று மேஸ்திரி சொல்லும்போது வரும் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆயிரம் சதுர அடியில் ஓர் அங்குலம் உயர்த்தினால் 83 கன அடிக் கலவை. அதற்கு 12 மூட்டை சிமென்ட், ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சமே குறைவான எம்-சாண்ட். சதுர அடிக்கு 10 ரூபாய். வீடு முழுக்கப் பத்தாயிரம். அத்தனையும் டைல்ஸுக்கு அடியில் போய்விடுகிறது.

அந்தப் பள்ளம் டைல்ஸ் வேலையில் பிறந்ததல்ல. அடித்தரை கான்கிரீட் போட்ட அன்று டியூப் லெவல் பிடிக்காமல் விட்டதில் பிறந்தது. சில வீடுகளில் எலக்ட்ரீஷியன் பைப்பைச் சுவருக்குள் கொண்டுபோகாமல் தரை மேலேயே இழுத்திருப்பார். அதை மூட வேண்டுமென்றே வீடு முழுக்க மட்டம் ஏறும். அடித்தரை போடும் முன்பே எல்லா அறைச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் கோடு அடித்துவிட்டால், இந்தப் பத்தாயிரம் வீட்டிலேயே இருக்கும்.

இரண்டுக்கு நான்கு போன்ற பெரிய டைல்ஸுக்குக் கூலி ஏறுவதும் மட்டத்தால்தான். தூக்கிவைக்க இரண்டு பேர் வேண்டும். அடியில் சிறு மேடு இருந்தாலும் விளிம்பு தூக்கிக்கொள்ளும். இன்னொன்று, விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் உறிஞ்சும். உறிஞ்சாத முதுகைச் சிமென்ட் பால் சரியாகப் பிடிக்காது. அதனால் பெரிய அளவுகளுக்கு அட்ஹெசிவ் தேவைப்படுகிறது. பையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அட்ஹெசிவை மிச்சம் பிடிக்க நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை வைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. அன்றைக்குத் தெரியாது. பீரோவின் கால் அந்தப் பொள்ளல் மேல் உட்காரும் நாளில் டைல்ஸ் விரியும். ஒட்டி இரண்டு நாள் கழித்து ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளல் சத்தம் வரும் டைல்ஸில் சாக்பீஸால் குறி போட்டு, கூலி முடிப்பதற்கு முன் மாற்றச் சொல்லுங்கள்.

டைல்ஸ் விலை ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்று கேட்கிறார்கள். நாட்டில் தயாராவதில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. சூளை எரிவது எரிவாயுவில். எரிவாயு விலை ஏறினால் இங்கே கடையில் தெரியும். 2022 ஆகஸ்டில் அந்த விலையைத் தாங்க முடியாமல் அங்குள்ள ஆலைகள் ஒரு மாதம் உற்பத்தியை நிறுத்திவைத்தன. அதன்மேல் லாரி வாடகை. ஒரு பெட்டியே 25 கிலோவுக்கு மேல் எடை.

பழைய வீட்டுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு செலவு உண்டு: பெயர்க்கும் கூலி, இடிபாட்டை அள்ளிக்கொண்டுபோகும் வண்டிக் கூலி. பெயர்க்காமல் பழைய தரை மேலேயே ஒட்டலாம் என்றால், பழையது எங்கும் பொள்ளாமல் இருக்க வேண்டும். எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டியிருக்கும். பாத்ரூம் வாசல் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரரிடம் சதுர அடிக் கணக்கில் வீட்டை ஒப்படைத்தவர்கள், ஒப்பந்தத்தில் ‘டைல்ஸ் 45 ரூபாய் வரை’ என்ற வரியைத் தேடி எடுங்கள். அந்த 45 ரூபாயில் ஜி.எஸ்.டி. உண்டா, லாரி வாடகை உண்டா, சேதாரம் யார் கணக்கு, ஸ்கர்ட்டிங் யார் கணக்கு? இந்த நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால், வித்தியாசம் முழுவதும் உங்கள் தலையில்தான் வந்து விழும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். போட்டுவிட்டிருந்தால் டைல்ஸ் கடைக்குப் போகும் முன்பாவது கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். குறைந்துவிட்டதென்று ஆறு மாதம் கழித்துப் போனால் அதே நிறம் கிடைக்காது. வேலை முடிந்தபின் ஒரு முழுப் பெட்டியைப் பரணில் எடுத்து வையுங்கள். பெட்டி அட்டையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.

(தொடரும்)