கானகம் காண்போர் உடை

உலகத்து உயிர்கள் பலவற்றிற்கு நிறமே காவலாக அமைந்துள்ளது. புழுதியில் பதுங்கும் கௌதாரி புழுதி நிறமாக இருக்கிறது. கொடிகளுக்கிடையே தொங்கும் பச்சைப்பாம்பு தானும் ஒரு கொடியெனத் தோன்றுகிறது. மனிதனுடைய தோலுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. ஆதலின், விலங்குகளையும் பறவைகளையும் அச்சுறுத்தாது காண விரும்புவோன், அக்குறையை உடையினால் நிறைவு செய்துகொள்ளல் வேண்டும்.

திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே செல்லும் இருப்புப்பாதையில் எரியோடு என்னும் ஊர் உள்ளது. அதன் கிழக்கே, அய்யலூரையும் கடவூரையும் சூழ்ந்து, பாறைக் குன்றுகளும் முட்காடுகளும் பரந்து கிடக்கின்றன. இக்காடுகளில் தேவாங்கு என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. அது குரங்கின் தொலைவுறவு. ஏறத்தாழ ஒரு சாண் நீளமும் கால் கிலோ எடையும் உடையது. பகலெல்லாம் உறங்கி, இரவில் பூச்சிகளைத் தேடி உண்பது. அதனைக் காக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சார்ந்த 11,806 ஹெக்டேர் காட்டைச் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்கிற்கென அமைந்த முதற் சரணாலயம் இதுவே. வனத்துறையின் இசைவு பெற்று இத்தகைய இடங்களுக்குச் செல்வோர், தம் உடையைக் கருதித் தேர்ந்தெடுத்தல் கடமையாகும்.

உடையின் நிறத்தை முடிவு செய்ய வேண்டியது கடைக்காரர் அல்லர், நிலமேயாம். மலைச்சோலைக்கு ஏற்ற கரும்பச்சை, சித்திரை வைகாசியில் எரியோட்டுச் சமவெளிக்குப் பொருந்தாது. அப்பொழுது செம்மண்ணும் காய்ந்த புல்லும் சாம்பல்நிறப் பாறையுமே எங்கும் தோன்றும். அங்கே மங்கிய பழுப்போ காக்கியோ ஏற்றது. காக்கி என்னும் சொல்லே புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்ததாகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் உசிலும் வேலும் தழைக்கும்போது மங்கிய பச்சை பொருந்தும். ஒரே நிறத்தைவிட, ஒழுங்கற்ற திட்டுகள் கலந்த துணி சிறந்தது. அது மனித உருவின் விளிம்பைச் சிதைத்துக் காட்டும்.

பார்க்கும் கண்ணுக்கேற்பவும் நிறத்தின் பயன் மாறும். மான் முதலியன சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போல் வேறுபடுத்தி அறியா. நீலத்தை நன்கு உணரும். ஆதலின் நீல உடை ஆகாது. பறவைகளின் வண்ணப் பார்வையோ மனிதனுடையதினும் நுட்பமானது. இரவில் நடமாடும் தேவாங்கு நிறங்களை அறியும் திறன் மிகக் குறைந்தது. எனினும் நிலவொளியில் வெண்ணிற உடை பளிச்சென்று தோன்றும். ஆதலின் இரவிற்கு மங்கிய நிறமே நன்று. கூசும் வெள்ளொளி அதன் பெரிய கண்களைத் துன்புறுத்துமாதலால், மங்கிய செவ்விளக்கையே பயன்படுத்தல் வேண்டும்.

நிறம் பொருந்தினும் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். செயற்கை இழைத் துணிகள் பல, நடக்குந்தோறும் சரசரக்கும். மெல்லிய பருத்தித் துணி ஒலி எழுப்பாது. வெப்பத்தையும் தாங்கச் செய்யும். முட்காட்டில் காற்சட்டை மட்டும் சற்று அழுத்தமான நெசவாக இருத்தல் நலம். பளபளக்கும் உலோகப் பொத்தான்களும் கைக்கடிகாரமும் வெயிலில் மின்னும். அவற்றை மறைத்துக்கொள்ளல் வேண்டும். நறுமணத் தைலமும் பூச்சும் அன்று விலக்கத்தக்கன.

இவ்வுடையைப் பேணும் முறை வீட்டு வழக்கத்திற்கு மாறானது. வெண்மை கூட்டும் சலவைத்தூள்கள் பலவற்றில், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றும் பொருள் கலந்துள்ளது. அத்தூளால் துவைத்த துணி, நமக்கு மங்கியதாகத் தோன்றினும், விலங்கின் கண்ணுக்கு ஒளிரக்கூடும். ஆதலின் பூந்திக்கொட்டை நீரிலோ, மணமற்ற எளிய சோப்பிலோ துவைத்தல் சாலும். கஞ்சி இடுதலும் நீலம் போடுதலும் கூடா. கஞ்சியிட்ட துணி விறைத்து ஒலிக்கும். உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, நிழலில் உலர்த்தினால் நிறம் வெளிறாது. காட்டிலிருந்து மீண்டவுடன் மடிப்புகளை உதறி, ஒட்டிய விதைகளையும் உண்ணிகளையும் நீக்குதல் வேண்டும். இல்லையேல் ஒரு காட்டின் களைச்செடி நம் உடையேறிச் சென்று மற்றொரு காட்டில் வேரூன்றும். பெட்டியில் அந்துருண்டைக்கு மாறாக உலர்ந்த வேப்பிலை இடலாம்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். படைவீரனென்று பிறர் நம்பும் வகையில் படையினர் சீருடையை அணிதல் சட்டப்படி குற்றமாகும். மேலும், விலங்கிற்கு மறைந்த உடல் வண்டியோட்டிக்கும் மறைந்திருக்கும். சாலையோரம் இரவில் நடப்போர் ஒளிரும் பட்டையொன்றை அணிந்து சென்று, காட்டை அடைந்தபின் கழற்றிவிடுதல் நலம்.

இத்தனையும் செய்தபின்னரும் ஒன்று எஞ்சும், அஃது அசையாமை. எத்துணைப் பொருத்தமான உடையாயினும், கையை வீசி நடப்பவனை அது மறைக்காது. இக்கலையில் தேவாங்கே நல்லாசான். அது கிளையிற் கிளைக்கு மெல்ல மெல்ல நகரும். ஐயம் தோன்றின், அப்படியே உறைந்து நிற்கும். மூடநம்பிக்கையால் வேட்டையாடப்பட்டும், சாலைகளில் வண்டிகளில் அடிபட்டும் அல்லலுறும் உயிர் அது. அதனைக் காணச் செல்வோரும் அதன் இரவைக் குலைப்பாராயின், அன்பே துன்பமாக முடியுமன்றோ? வேடன் கொல்வதற்காக மறைகிறான். காண்போனோ வாழவிடுவதற்காக மறைகிறான். தான் வந்ததையும் போனதையும் காடு அறியாவண்ணம் மீள்பவனே கானகம் காணத் தகுதியுடையவன்.