முந்திரிக்காட்டின் மூலதனம்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில், வெண்களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்து, பதம் பார்த்து அச்சைப் பிரித்து, பொம்மையின் இரு பாதிகள் கூடிய தழும்பைச் சிறு கத்தியால் சீவிச் சூளைக்கு அனுப்புகிற தொழிலாளிக்கு, சூளை எரியாத வாரத்தில் வருமானம் நிச்சயமில்லை. இத்தகைய நிலையற்ற ஜீவனம் உள்ளவர்களே தீவிரவாதக் குழுக்களை முதலில் நாடுவார்கள் என்பது நம்மிடையே வெகுகாலமாக நிலவிவரும் அபிப்பிராயம். இவ்வட்டாரத்துச் சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

பெண்ணாடத்தை அடுத்த சௌந்தரசோழபுரத்தில் நக்சல்பாரி இயக்கத்தை வேரூன்றச் செய்த புலவர் கலியபெருமாள் தமிழாசிரியர். 1970-இல் அவருடைய தோப்பில் வெடிகுண்டு வெடித்து மூன்று இளைஞர்கள் மாண்டனர். பின்னர் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1983-இல் அவர் வெளியே வந்தார். எண்பதுகளில் தமிழ்நாடு விடுதலைப் படையைத் தோற்றுவித்த தமிழரசனோ கோவையில் பொறியியல் படிப்பைப் பாதியில் துறந்தவர். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் 2007-இல் வெளியிட்ட நூலில், லெபனானின் ஹிஸ்புல்லா போன்ற இயக்கங்களை ஆராய்ந்து, அவற்றில் சேர்ந்தவர்கள் பரம ஏழைகளோ கல்லாதவர்களோ அல்லர் என்று காட்டியது நம் ஊருக்கும் பொருந்துகிறது.

ஏழையின் பங்கு வேறு. ஆயுதம் ஏந்தியவர்கள் சிலரே. முந்திரிக்காட்டில் பதுங்கியிருந்தவனுக்கு ஒரு வேளைச் சோறும், போலீசார் விசாரிக்கையில் "யாரையும் பாக்கலைங்க" என்ற பதிலும் அளித்த கூலிக்காரரே பலர். அந்த மௌனமே இயக்கத்தின் மூலதனம். பண்ணையாரிடம் பட்ட அவமானத்திலிருந்து பிறந்தபடியால், அதைப் பணத்தால் வாங்க முடியாது.

ஆனால் இழக்க முடியும். 1987 மார்ச் 15 அன்று, விருத்தாசலம் வழியாகச் செல்லும் அதே ரயில் பாதையில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் தகர்க்கப்பட்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் பிரயாணம் செய்த நிரபராதிகள் பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, பணமுடை தீர்க்கப் பொன்பரப்பியில் வங்கியைக் கொள்ளையிட முயன்ற தமிழரசனும் தோழர்கள் நால்வரும், யாருக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ அந்தக் கிராமத்து ஜனங்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டதாகப் பதிவாயிற்று. கூட்டத்தில் மாறுவேடப் போலீசார் கலந்திருந்தனர் என்ற வாதமும் உண்டு. எவ்வாறாயினும், ஊராரின் சேமிப்பில் கைவைத்த கணத்தில் ஊராரின் அடைக்கலம் முடிந்துபோயிற்று என்பதே என் துணிபு.

அரசாங்கமும் இதே மூலதனத்தைத்தான் நம்பியிருக்கிறது. துப்புச் சொல்லக்கூடிய கிராமத்தில் வீடுவீடாகப் புகுந்து வயோதிகர்களையும் பெண்களையும் நிலையத்துக்கு இழுத்துச் சென்றால், எந்தத் தடைச் சட்டமும் அந்த வாயைத் திறக்காது. 2002-இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு விடுதலைப் படை தடை செய்யப்பட்டது. பொடா 2004-இல் நீங்கிய பிறகும், வேறு சட்டத்தின் கீழ் அந்தத் தடை நீடிக்கிறது. தோப்பில் குண்டு வெடித்த அதே 1970-இல்தான், நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15-ஆகக் குறைக்கும் சட்டமும் இங்கே பிறந்தது. தடைச் சட்டத்தை மறவாத அதிகாரிகள், அந்த உச்சவரம்பின்படி உபரி நிலம் பெற்றவர் யார், ஏடளவில் பட்டா வாங்கியும் வயலில் கால்வைக்க இயலாதவர் யார் என்பதை இவ்வட்டாரத்துக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்துப் பிரசுரிக்க வேண்டும்.