சைக்கிள் சீட் தரும் வலி: எது இயல்பு, எது ஆபத்து?

1987-ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடந்த வுவெல்டா சைக்கிள் பந்தயம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி திடீரென்று விலகினார். அவருக்குக் கால் சோரவில்லை, சைக்கிளும் பழுதாகவில்லை. சீட்டில் உட்காரும் இடத்தில் கிளம்பிய கட்டிதான் காரணம். மறு ஆண்டு அதே பந்தயத்தில் வென்றார் என்பதால் அவருடைய திறமையையோ மனவுறுதியையோ யாரும் குறை சொல்ல முடியாது. தோலும் நரம்பும் ஓரளவுக்குமேல் தாங்காது.

சர்க்கரையையும் எடையையும் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் சைக்கிள் வாங்குபவர்கள் இன்று நம் ஊர்களில் நிறைய. விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அவர்களில் பலருடைய சைக்கிள் சில வாரங்களில் மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது. வலிக்கும் இடத்தைச் சொல்லக் கூச்சம். வீட்டிலும் சொல்வதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை. இந்த மௌனத்தால் சாதாரண வலிக்குப் பயந்து சிலர் சைக்கிளையே விடுகிறார்கள். வேறு சிலர் ஆபத்தான அறிகுறியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். அதனால் வலியை முதலில் வகை பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வலிகள், மூன்று காரணங்கள்

இடுப்பெலும்பின் அடியில் இரு பக்கமும் இரண்டு முண்டுகள் உண்டு. உட்காரும்போது உடல் எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். புதிதாக ஓட்டுபவருக்கு அந்த இடத்தில் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வலிப்பது இயல்பு. தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இடையிடையே ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் வலி தானாகக் குறையும்.

இரண்டாவது, தோல் புண். உரசல், வியர்வை, அழுத்தம் மூன்றும் சேரும்போது தொடை இடுக்கில் தோல் வழன்றுபோகிறது. அதன் வழியே கிருமி நுழைந்தால் மயிர்க்கால்கள் சிவந்து கொப்புளமாகும், பிறகு சீழ்க்கட்டியாகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது வேகமாக நடக்கும். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கட்டி பெரிதாகி, சுற்றிலும் சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போவது அவசியம்.

மூன்றாவதில் வலியே இருக்காது. பிறப்புறுப்பும் அதைச் சுற்றிய இடமும் மரத்துப்போகும். சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போவதைப் போல, சீட்டின் மூக்குப் பகுதி நடுவில் ஓடும் நரம்பையும் ரத்தக் குழாயையும் அழுத்துவதால் வருவது இது. வலிக்கவில்லையே என்று இதை அலட்சியப்படுத்துபவர்கள் அதிகம். மூன்றிலும் உடனே கவனிக்க வேண்டியது இதுதான்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்கக் காவலர்களிடம் கிடைத்தது. சைக்கிளில் ரோந்து போகும் ஆண் காவலர்களை அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் ஆராய்ந்து, முடிவை 2008-இல் வெளியிட்டது. மூக்கு இல்லாத சீட்டுக்கு மாறி 6 மாதம் ஓட்டிய பிறகு 90 பேரை மீண்டும் சோதித்தார்கள். சைக்கிளில் போகும்போது மரப்பே இல்லை என்று சொன்னவர்கள் ஆரம்பத்தில் 27 சதவீதம். ஆய்வின் முடிவில் 82 சதவீதம். பழைய சீட்டுக்குத் திரும்பியவர்கள் 3 பேர் மட்டுமே.

சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போய்விடும் என்ற பேச்சுக்குப் பயப்படத் தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சைக்கிள் ஓட்டும் ஆண்களை நீச்சல்காரர்களோடும் ஓட்டக்காரர்களோடும் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் நலத்தில் சைக்கிள்காரர்கள் பின்தங்கவில்லை. ஆனால் மரத்துப்போவது அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஓட்டும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் பெடலில் எழுந்து நின்று ஓட்டியவர்களுக்கு மரப்பு குறைவு. ஹேண்டில்பாரைச் சீட்டின் உயரத்துக்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களுக்கு மரப்பும் குறைவு, புண்ணும் குறைவு.

செலவில்லாத தீர்வுகள் முதலில்

சீட்டின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைக்க வேண்டும். முழங்கால் அப்போது நேராக நீண்டால் உயரம் சரி. சீட் அதிக உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடி, தொடை உரசும். சீட் கிடைமட்டமாக இருக்கட்டும். மூக்கு மேல்நோக்கி நின்றால் நரம்பு நசுங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று சில மிதி மிதிக்கலாம். அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும். பிள்ளையின் உயரத்துக்கு ஏற்பச் சீட்டை ஏற்றி இறக்கித் தருவது பெற்றோரின் பொறுப்பு.

மெத்தென்ற ஜெல் கவர் எல்லோரும் சொல்லும் வைத்தியம். நீண்ட தூரத்துக்கு அது பெரும்பாலும் உதவாது. எலும்பு முண்டுகள் அதில் அமிழ்ந்துவிட, மெத்தை நடுவில் எழும்பி மென்மையான பகுதியை அழுத்தும். இரண்டு முண்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஏற்ற சீட்தான் வேண்டும். கெட்டியான ஸ்டூலில் அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் பதியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து, அதைவிடச் சற்று அகலமான சீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பெண்களுக்கு இந்த இடைவெளி பொதுவாக அதிகம்.

உள்ளே பேட் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸை ஜட்டி இல்லாமல்தான் போட வேண்டும். ஜட்டியின் தையல்தான் முதலில் தோலை அறுக்கும். வீடு திரும்பியதும் குளித்து, ஈரம் போகத் துடைத்து, தளர்வான பருத்தி உடைக்கு மாறுவது நல்லது. ஷார்ட்ஸை ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் பிரிட்டன் பெண்கள் சைக்கிள் அணிக்கு இந்தத் தோல் புண் சிக்கல் வந்தபோது நிபுணர்கள் சொன்ன முக்கியமான யோசனை, அந்தரங்க முடியை வேக்ஸிங் செய்வதை நிறுத்துங்கள் என்பது. முடி, உரசலைக் குறைத்துத் தோலைக் காக்கிறது. பந்தயங்களில் சீட்டின் மூக்கைக் கூடுதலாகக் கீழ்நோக்கிச் சாய்க்க அனுமதிக்கும் விதியும் அதே ஆண்டு உலக அளவில் வந்தது.

மருந்துக் கடையில் ஒரு கண்ணி

தொடை இடுக்கில் அரிப்பும் சிவப்பும் வந்தால் அது படர்தாமரையாகவும் இருக்கலாம். அப்போது கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சை பரவும், தோல் மெலியும். 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை ஹெச்-இல் சேர்த்தது. டியூபில் ஆர்எக்ஸ் குறி இருந்தால் மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொட வேண்டாம். கட்டியை வீட்டில் ஊசியால் குத்தி எடுப்பதும் ஆபத்து.

கூச்சப்படத் தேவையில்லை, கேட்க உரிமை உண்டு

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், அந்தரங்கமும் ரகசியமும் காக்கப்பட வேண்டும் என்கிறது. பெண்ணை ஆண் மருத்துவர் உடலைத் தொட்டுச் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீட்டை மாற்றியும் மரப்பு தொடர்ந்தால் சிறுநீரக மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போகலாம். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எப்போது மரக்கிறது என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு எளிது.

வாங்கிய சீட் உடலுக்கு ஒத்துவரவில்லை என்பது சட்டப்படி குறைபாடு ஆகாது. ஆகவே ஓட்டிப் பார்த்து மாற்றித் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். சீட் கம்பி முறிந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அளவு இல்லாவிட்டாலோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணைக்கு வரும். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும், பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். திரும்பப் பெறுவதற்குப் பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில், வசிக்கும் ஊரிலேயே, வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சொந்தப் பிழைப்புக்காகச் சைக்கிள் வாங்கி உணவு டெலிவரி செய்பவரையும் இந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. நாள் முழுதும் சீட்டில் இருக்கும் அவரும் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் இதே ஆணையத்தின் கதவைத் தட்டலாம்.