இலைக்குள்ளே ஒரு குடித்தனம்!

பி.காம். படித்த எனக்கு வரவு தெரியும், செலவு தெரியும். பாக்டீரியா? டைஃபாய்டு வந்தபோது டாக்டர் திட்டினாரே, அந்த ஒன்றுதான் தெரியும்!

ஆர்.எஸ். மங்கலம் பக்கம் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர். மானாவாரி நெல். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். போன வருஷம் சித்தியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய்த்தான் விதைப்புச் செலவு. விதைத்தார், முளைத்தது. அப்புறம் இருபது நாளாக வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. "இலையெல்லாம் சுருட்டிக்கிருச்சுடா தம்பி" என்றார் போனில். குரலும் சுருண்டிருந்தது.

ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விசாரித்ததில் கிடைத்த பெயர், பி.பி.எஃப்.எம். மெத்தைலோபாக்டீரியம் என்ற ரோஸ் நிற பாக்டீரியா. விஷயம் இதுதான்: இலை வளரும்போது துளித்துளியாக மெத்தனால் கசியும். ஆமாம் சார், விஷச்சாராயச் செய்திகளில் வருமே, அதே சரக்கு! இந்த ஆசாமி இலையின் மேலேயும் உள்ளேயும் குடியிருந்து, அதைக் குடித்தே பிழைக்கிறான். வாடகையாகப் பயிருக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கிறான். அந்தத் தெம்பில் பயிர் வறட்சியைக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். மழையை வரவழைக்க மாட்டான், அது வேறு டிபார்ட்மென்ட்.

உப்பு மண்ணிலும் இப்படி ஆட்கள் உண்டு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக் காட்டுநெல்லின் வேரிலும் தண்டிலும், உப்பிலேயே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு பாக்டீரியாவை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். 2004-ல் அதற்கு வைத்த பெயர் 'சுவாமிநாதனியா'. நம் ஊர்க்காரர் பெயரில் ஒரு கிருமி!

நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர். காலையிலோ மாலையிலோ அடிக்க வேண்டும், பூச்சிமருந்தோடு கலக்கக் கூடாது. சித்தப்பா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "என்னடா, ரோஸ் சர்பத் மாதிரி இருக்கு?" நம்பாமல் பாதி வயலுக்கு மட்டும் அடித்தார்.

பதினோராம் நாள் மழை. அடித்த பக்கம் பச்சை பிடித்து நின்றது. மறுபக்கம் ஆங்காங்கே கருகல். ஒரே ஒரு வயலை வைத்து விஞ்ஞானம் பேசக் கூடாதுதான். ஆனால் தை மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்தது. சித்தப்பா அய்யனாருக்குப் பொங்கல் வைத்தார். எனக்கு நாட்டுக்கோழிக் குழம்பு.

இந்த வருஷம் விதைப்பு முடிந்ததுமே போன் வந்தது.

"தம்பி, அந்த சர்பத்து மூணு ஏக்கருக்கும் வாங்கிட்டு வந்துருடா. காசு அப்பறமாத் தாரேன்."